கொடியேறும்வரை திராட்சை இல்லை

டவுன்ஷிப் பள்ளியில் கொடியேற்றி முடித்த பேண்டுச் சத்தம் வேப்பமரங்களைத் தாண்டிக் குவார்ட்டர்ஸ் சமையலறைக்குள் வருகிறது. மலர்விழி கழுவி எடுத்த கறுப்புத் திராட்சைக் கொத்தில் ஜன்னல் வெயில் சொட்டுச் சொட்டாக மின்னுகிறது. இந்த வீட்டில் ஆகஸ்ட் பதினைந்து கொடியேறும்வரை திராட்சையை யாரும் தொடுவதில்லை. மருமகளாக வந்த வருஷம், தெரியாமல் ஜூலையில் வாங்கிவந்து அவள் பேச்சு வாங்கியதுதான் மிச்சம். “எங்கப்பா காந்தி கட்சிம்மா. சுதந்திரத்துக்காக எடுத்த விரதம்” என்பார் மாமனார் அருணகிரி. அந்த அப்பா, இங்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு முதல் மண் வெட்டிய வருஷம் வேலைக்கு வந்தவர். சொந்த ஊர் எது என்று கேட்டால், “அங்க இப்ப யாருமில்ல” என்பதோடு சரி. கொத்தோடு கூடவே, காலையில் பரண் துடைத்தபோது மறைந்த அந்தப் பெரியவரின் தகரப்பெட்டியில் கிடைத்த போட்டோவையும் மலர்விழி நீட்டுகிறாள். முக்காடிட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் மடியில் ஆறு வயதுப் பையன், கையில் திராட்சை. பையனுக்கு மாமனாரின் மூக்கு அப்படியே இருக்கிறது. “பின்னாடி பாருங்க மாமா.” அருணகிரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்க்கிறார். கொக்கி கொக்கியாக ஏதோ பாஷை. அதன் கீழே இங்கிலீஷில், ‘மாதா திருநாள், வருஷத்தின் முதல் திராட்சை. ஆர்மீனியன் சர்ச், மெட்ராஸ், 15 ஆகஸ்ட் 1926.’ “சுதந்திரத்துக்கு இருபத்தோரு வருஷம் முன்னாடிங்க மாமா.” வாய்வரை போன பழம் அவர் விரலிலேயே நிற்கிறது. போட்டோவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். “அப்ப கொடிக்கு இல்லியா?” என்கிறார். “வேற எதுக்கும்மா இத்தினி வருஷமா காத்துக்கினு இருந்தோம்?”