ஊரான் பல்

"உன் புருஷன் பொழைக்கத் தெரியாதவன் அஞ்சனா," என்றார் ஸ்ரீநிவாஸ், தட்டுவடையை நொறுக்கியபடி.

அவர்தான் அவள் புருஷன் வேலுமணிக்கு மேனேஜர். அமெரிக்காவில், அதே காப்பெல் ஊரில் நாலு தெரு தள்ளி வீடு. புருஷனுக்குத் தெரியாமல், கையில் தட்டுவடை டப்பாவோடு வந்திருந்தாள் அஞ்சனா.

பல்லுக்கு மேல் மாட்டுகிற கிரவுன் செய்யும் கம்பெனி. கம்ப்யூட்டரிலேயே ஒரு கிரவுனைச் செய்து, லட்சக்கணக்கான தடவை மெல்ல விட்டு, விரிசல் எங்கே விழுந்து எப்படி வளர்கிறது என்று பார்ப்பது வேலுமணியின் வேலை. புதுக் கிரவுன் பத்து வருஷம் தாங்கும் என்று கையெழுத்துக் கேட்டார்கள். "மூணே வருஷத்துல பொளந்துரும்" என்று மறுத்துவிட்டான்.

"ஸ்கிரீன்ல ஒரு சிவப்புக் கோடு! அதப் பாத்துப் பயப்படறான். இவன் பார்க்கறது பல்லா, பாலமா?"

சோபாவில் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஸ்வர்ணா, வலியிலும் சிரித்தாள். நாளைக்கு அவளுக்கும் கிரவுன்தான்.

அஞ்சனாவும் சிரித்து வைத்தாள். "நானும் அதத்தானுங்கண்ணா சொன்னேன். ஊரான் பல்லு உடைஞ்சா உங்களுக்கென்னன்னு. கேட்டாத்தானே!"

"திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேலை இல்ல. விசாவும் போச்சு. மூட்டை கட்ட வேண்டியதுதான்."

அஞ்சனாவின் பாப்பா இப்போதுதான் டேகேரில் அழாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

"வேண்டாமுங்கண்ணா. இன்னைக்கே கையெழுத்துப் போட வெக்கறேன்."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்ரீநி, நான் டென்டிஸ்ட் நாகரத்தினம். உங்க கம்பெனி புதுக் கிரவுன் சாம்பிள் வந்திருக்கு. ஸ்வர்ணாவுக்கு அதையே வெச்சிடறேன். ஃப்ரீ!"

ஸ்ரீநிவாஸ் பதறிப்போய் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, அது வேண்டாம் டாக்டர்! காசு போனாப் போகுது, வேற கம்பெனிது போடுங்க."

ஸ்வர்ணா கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டுக் கணவனையே பார்த்தாள்.

அஞ்சனா எழுந்தாள். தட்டுவடை டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, அதையும் எடுத்துட்டுப் போற? கையெழுத்து என்னாச்சு?"

"நாங்க மூட்டை கட்டிக்கறோமுங்கண்ணா. இந்தத் தட்டுவடை, ஊரான் பல்லையும் பொண்டாட்டி பல்லா நெனைக்கிற மனுஷனுக்கு!"