இறங்கிய அளவு

கொக்கெயினை விட்டு நாற்பத்திரண்டு நாளாகியும் மெல்வின் சொல்வதை வீட்டில் யாரும் நம்பவில்லை. அக்கா ரெஜினாதான் வாராவாரம் அவனை மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துவந்து ரத்தம் கொடுக்க வைத்தாள்.

இந்த வாரம் அறிக்கையைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மலர்ந்தது. “ரத்தத்துல போதையோட சுவடே இல்ல. எகிறிக் கிடந்த மன அழுத்த ஹார்மோன் கார்டிசாலும் பாதியா இறங்கிடுச்சு. உடம்போட பதற்றம் தணியுது.”

“அப்போ இவன் தொடவேயில்லையா டாக்டர்?”

“இல்லம்மா. உங்க தம்பி சொன்னது நெசந்தான்.”



பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்ததும், அவனைக் காவல் காத்தே ஆறு வாரமாகத் தூக்கம் கெட்டிருந்த ரெஜினா அவன் தோளில் சாய்ந்து உறங்கிப்போனாள். அவர்களுடைய பஸ் வந்து போயிற்று. அடுத்ததும் போயிற்று. மெல்வின் தோளை அசைக்கவேயில்லை.