ஒரு வாய்த் தண்ணீர்

"உங்க பலவீனம் என்ன?"

மேலாளர் கேட்டு முடிப்பதற்குள் அந்த இளைஞனின் கை மேஜையிலிருந்த டம்ளருக்குப் போனது. ஒரு வாய்த் தண்ணீர். ஜன்னல் பக்கம் ஒரு பார்வை. பிறகு மெல்லிய சிரிப்பு.

"நல்ல கேள்வி சார். எடுத்த வேலையை முடிக்காம எனக்குத் தூக்கமே வராது. அதுதான் என் பலவீனம்."

"சரி தம்பி, சொல்லி அனுப்பறோம்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் மேலாளர் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டார். பக்கத்திலிருந்த உதவியாளருக்கு மனசு கேட்கவில்லை.

"நல்லாத்தானே சார் பேசினான்?"

"அவன் எங்கேம்மா பேசினான்? காசு குடுத்து வாங்கின பேச்சு அது. தண்ணி, ஜன்னல், சிரிப்பு, 'நல்ல கேள்வி'. காலையிலேருந்து வந்த அத்தனை பேரும் இதே கூத்துதான். எல்லாம் ஒரே பயிற்சி வகுப்புச் சரக்கு. அங்க படிச்ச ஒருத்தரையும் நான் வேலைக்கு எடுத்ததில்ல. டம்ளர் வைக்கிறதே அவங்களைப் பிடிக்கத்தான்."

"எப்படி சார் இவ்வளவு கரெக்டா கண்டுபிடிக்கறீங்க?"

"எல்லாம் அனுபவம்தாம்மா" என்றார். முகத்தில் பெருமை வழிந்தது. ஆள் தேடிக்கொண்டிருந்த புகார்ப் பிரிவு நாற்காலி மட்டும் இன்னும் காலியாகவே கிடந்தது.

கடைசியாக நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்த வேலை உங்களுக்கு எதுக்கும்மா?"

"வீட்டுக்காரர் தொழில் படுத்துருச்சு சார். பொண்ணு காலேஜ் போறா. இது கிடைச்சாத்தான் வண்டி ஓடும்."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க பலவீனம்?"

டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.

"நிறைய இருக்கு சார். யாராவது சுத்தி வளைச்சா எனக்குப் பொறுக்காது. மூஞ்சிக்கு நேராக் கேட்டுருவேன்."

பார்த்தாயா என்பதுபோல் மேலாளர் உதவியாளரைப் பார்த்தார்.

"எங்கயாவது பயிற்சி எடுத்தீங்களா?"

"இப்படிப் பேசு, அப்படிப் பேசுன்னு வீட்டுக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். அவர் பேச்சை என்னைக்குக் கேட்டேன், இன்னைக்குக் கேக்கறதுக்கு?"

உதவியாளர் சிரித்துவிட்டாள். மேலாளருக்கும் சிரிப்பு வந்தது. மனசுக்குள் அவர் வேலையைக் கொடுத்தே விட்டார்.

"நீங்க ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு சார். இந்த வேலையில முன்னாடி இருந்தவங்க ஏன் விட்டுட்டுப் போனாங்க?"

உதவியாளர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். போனவள் மேலாளரோடு சண்டை போட்டுவிட்டுப் போனது ஆபீசுக்கே தெரியும்.

மேலாளரின் கை தானாக நீண்டது. அந்தப் பெண்மணி தொடாமல் விட்ட டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"நல்ல கேள்வி" என்றார்.

"அட, நீங்களும் எங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சவர்தானா சார்?" என்றார் அந்தப் பெண்மணி. "அவர்கிட்ட படிச்ச பிள்ளைங்களை எங்கயோ ஒரு புண்ணியவான் தேடித் தேடிக் கழிச்சுக் கட்டறாராம், அதுல ஆளே வராமப் போய்த்தான் வகுப்பை இழுத்து மூடினோம்."