வெளிநாட்டுச் சாமான்

துபாயிலிருந்து நான்கு வருஷம் கழித்துச் சொந்த ஊரான இலோய்லோவுக்கு வந்திறங்கிய மரிசெல், அம்மாவின் அடுப்படியை எட்டிப் பார்த்ததும் முகம் சுளித்தாள். பானையில் பச்சைப்பயறும் கொல்லை மரத்துக் கீரையும் கொதித்துக்கொண்டிருந்தன.

"இன்னும் இந்த இலை தழைதானாம்மா? பெட்டி பெட்டியா அனுப்பினேனே, அதெல்லாம் எங்க?"

அம்மா லூமிங் பெருமையோடு கூடத்தைக் காட்டினாள். கண்ணாடி அலமாரியில், மாதா சொரூபத்துக்கு இரண்டு பக்கமும் டின் இறைச்சியும் டின் மீனும் கப் நூடுல்ஸும் அணிவகுத்து நின்றன.

"வெளிநாட்டுச் சாமான்டி! பிரிச்சுத் தின்ன மனசு வருமா? இதைப் பார்க்கன்னே தெருவே வந்து போகுது."

"நான் அங்க தினமும் இதைத்தாம்மா சாப்பிடறேன்!"

"அதான் வாசப்படி ஏறுறதுக்குள்ள அப்படி மூச்சு வாங்குதாக்கும்."

மரிசெலின் குரல் இறங்கியது. "சர்க்கரை, கொதிப்பு ரெண்டும் வந்தாச்சும்மா. ஆனா அருமையான மருந்து ஒண்ணு கிடைச்சிருக்கு. சம்பளத்துல பாதி அதுக்கே போகுது. போனாப் போகட்டும், உனக்கும் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்திருக்கேன்."

லூமிங் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாட்டிலில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'சுத்தமான முருங்கை இலை மாத்திரை. விளைந்த இடம்: இலோய்லோ, பிலிப்பைன்ஸ்.'

அவள் பாட்டிலைக் கப் நூடுல்ஸ் பக்கத்தில் வைத்து அலமாரியைப் பூட்டினாள்.

"ஏம்மா பூட்டுற? தினம் ரெண்டு சாப்பிடணும்!"

"வெளிநாட்டுச் சாமான்டி!" என்று சொல்லிவிட்டு, மகளுக்கும் சேர்த்து முருங்கைக்கீரை பறிக்கக் கொல்லைக்குப் போனாள் லூமிங்.