ஆளில்லாத ஜோடி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காபி ஆறுவதற்குள் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்கிய சால்சா நடன வகுப்பில் ஐந்து பெண்கள், நான்கு ஆண்கள். பாட்டுக்குப் பாட்டு ஜோடி மாறும். ஒவ்வொரு முறையும் ஒரு பெண் காற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஆட வேண்டும். மற்ற பெண்கள் தங்கள் முறை வந்தால் வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். பிலோமினா மட்டும் போகமாட்டாள். இடது கையை ஓர் ஆளின் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்து, வலது கையைப் பிடிக்கக் கொடுப்பாள். போன வருடம் இறந்துபோன அவள் கணவர் சூசைராஜ், முப்பது வருடத்தில் ஒருநாள்கூட நாலு பேர் முன்னால் அவள் கையைத் தொட்டவரில்லை.

ஒருநாள் பிலோமினா அப்படித் தனியாகக் கையைத் தூக்கி நின்றபோது, ஐந்தாவது ஆணாக ஒருவர் வந்து சேர்ந்தார். மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "பிலோக்கா, இனிமே யாரும் தனியா ஆட வேணாம்!" என்றார்.

பிலோமினா தூக்கிய கையை இறக்கவில்லை. "ஒரே ஒரு பாட்டு பொறுத்துக்குங்க தம்பி. இவரு இப்பதான் என் காலை மிதிக்காம ஆடப் பழகியிருக்காரு."

யாரோ சிரித்தார்கள். புதியவர் சிரிக்கவில்லை. அவள் எதிரே இருந்த வெற்றிடத்தை, யாரையும் இடித்துவிடாதபடி சுற்றி நடந்து, சுவரோரம் போய் நின்றார். பாட்டு தொடங்கியது.

உங்கள் வீட்டுக் கூடத்தில் எப்போதும் இரண்டு பேர் ஆடுமளவுக்கு இடமிருக்கட்டும், கண்ணுகளா.