ஐந்தாவது வாளி

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலை. அதன் சின்ன ஆய்வுக்கூடத்தில் காலை வெயில் பியூரெட் குழாயின் ஊதா நிறத்தைத் துளைத்து மேசையில் விழுகிறது. புதிதாய்ச் சேர்ந்த கெமிஸ்ட் ரெனிட்டா குடுவையை ஆட்டுகிறாள். இளஞ்சிவப்பு மறையாமல் நிலைக்கிறது. நோட்டில் கணக்குப் போடுகிறாள். கலவையில் பத்து சதவீதம் இருக்க வேண்டிய வெளுப்பு மருந்தான பெராக்சைடு எட்டுச் சொச்சம்தான் இருக்கிறது. வாசலில் ஐந்து வாளித் தண்ணீரோடு நிற்கிறார் கலவை மேஸ்திரி ஜேசுதாசன், அவள் அப்பா. பின்னால் அவருடைய ஆட்கள். "அம்பது சதவீத மருந்தைப் பத்தாக்கணும்னா, ஒரு வாளி மருந்தோட சேத்து மொத்தமே அஞ்சு வாளிதான்ப்பா வரணும். நீங்க தண்ணியே அஞ்சு ஊத்துதீங்க." சொல்லி முடிக்கையில் அவள் குரல் இறங்கிவிடுகிறது. இருபது வருஷமாக அவர் கலக்கும் அளவு அது. ஆட்கள் அவர் முகத்தையே பார்க்கிறார்கள். அவர் விரல் மடக்குகிறார். மருந்துக்கு ஒன்று, தண்ணீருக்கு நான்கு, கை மூடிக்கொள்கிறது. மூடிய கையைச் சற்று நேரம் பார்க்கிறார். பிறகு ஐந்தாவது வாளியைத் தூக்கி வாசல் வேம்பின் தூரில் கவிழ்க்கிறார். "இனிமே நாலு வாளிதாம்ல! கெமிஸ்ட் அம்மா சொல்லிட்டாவ" என்கிறார், மிஷின் சத்தத்தையும் மீறி ஆலை முழுக்கக் கேட்கும்படி.