முப்பத்தோராம் நாள்

பீரோவிலிருந்து வெள்ளைச் சேலையை உருவின யூனிஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

சேலைக்குள் சுற்றி வைத்திருந்த மோடம் சூடாக இருந்தது. இப்போதுதான் இஸ்திரி போட்டு வைத்த துணி மாதிரி. அதைக் கழற்றிப் பூட்டி வைத்து முப்பது நாளாகிறது.

முன்னறையில் டார்லின் காத்திருந்தாள். ஈஸ்டர் நாடகத்துக்கு வெள்ளைச் சேலை ஒன்று குறைகிறது என்று, கோயிலில் பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்ததும் யூனிஸோடு கூடவே வந்திருந்தாள்.

ஆண்டவரே, இது மட்டும் வேண்டாம் என்று யூனிஸ் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மகன் ஜெய்சனுக்கு இருபத்தேழு வயது. கம்ப்யூட்டரில் விளையாட உட்கார்ந்தால் சோறு, தூக்கம் எதுவும் கிடையாது. சென்னையில் இரண்டு வேலை அதனாலேயே போயிற்று. பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்தவன், தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று லேப்டாப்பையும் போனையும் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தான்.

"மோடத்தையும் கழத்திப் பூட்டி வச்சிரும்மா. சாவிய எங்கன வைக்கன்னு எங்கிட்ட சொல்லாத. அழுது கேட்டாலும் சொல்லாத."

நாற்பது நாள். நடுவில் ஒரு நாள் தொட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அவனே போட்ட சட்டம். அடுக்களைக் காலண்டரில் தினமும் காலையில் எண்ணை எழுதுவான். நாற்பது என்று எழுதின பிறகுதான் வேலைக்கு மனுப் போடுவேன், அதுவரை என்னை நானே நம்ப மாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

அவனுக்குத் துணையாக அப்பா ஜேசுதாசனும் தன் போனைப் பீரோவுக்குள் வைத்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போனைப் பார்த்துக்கொண்டே இட்டிலியைத் தண்ணீர் டம்ளரில் தோய்த்தவர். பிள்ளைக்காக இதையும் விட்டேன் என்று அவர் கோயிலில் சாட்சி சொன்னபோது, பின்வரிசைக்காரர்கள்கூடத் திரும்பி யூனிஸைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

சாவி அரிசி டிரம்முக்குள் கிடந்தது. தனக்கு ஏதும் ஆகிவிட்டால் என்று, அவரிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

முதல் வாரம் ஜெய்சன் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் வாரம் எதற்கெடுத்தாலும் கோபம். மூன்றாம் வாரம் ஒருநாள் மார்க்கெட் வரை நடந்துபோய்விட்டு வந்து, "பசிக்கும்மா" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை மாதம். யூனிஸ் தோசைக் கரண்டியோடு நின்றே ஸ்தோத்திரம் சொன்னாள்.

இன்று காலையில்தான் முப்பத்தொன்று எழுதினான்.

"என்னக்கா, சேலை கிடைக்கலியா?" டார்லின் எட்டிப் பார்த்தாள்.

யூனிஸுக்கு மறைக்கத் தெரியவில்லை. "மோடம் சூடா இருக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

பேச்சைக் கேட்டு ஜேசுதாசன் வந்தார். புறவாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஜெய்சனும் சோப்பு நுரைக் கையோடு வந்து நின்றான்.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதற்குள் ஜேசுதாசன் தொடங்கிவிட்டார்.

"ஏலே, முப்பது நாளு இருந்தவனுக்கு இன்னும் பத்து நாளு இருக்க முடியலியா? ஒனக்காவத்தான கோயில்ல அத்தன பேரு முன்னால சாட்சி சொன்னேன். இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்கன போவேன்?"

ஜெய்சன் அப்பாவைப் பார்த்தான். பிறகு டார்லினைப் பார்த்தான்.

"நாந்தாம்மா. கொஞ்ச நேரந்தான் பார்த்தேன். மன்னிச்சிரு."

கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், காலண்டரில் முப்பத்தொன்றை அடித்தான். நாளைக்கு ஒன்றிலிருந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டான்.

டார்லின் சேலையை வாங்கிக்கொண்டாள். "ஜெபத்துல வச்சிக்கிடுதேன்க்கா" என்று யூனிஸின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிக் கோயில் ஜெபத்தில் வைத்துக்கொள்ளும் என்று யூனிஸுக்குத் தெரியும்.

அவளுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. ஒன்றிலிருந்து தொடங்குகிறவன் இரண்டுக்குப் போவானா? ராத்திரி சாப்பிடும்போது அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை சும்மாதான் இருந்தன. குடும்ப ஜெபத்தில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஜெபிக்கிற ஜேசுதாசன், அன்றைக்குக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடித்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் ஜெய்சன் காலண்டரில் ஒன்று என்று எழுதிவிட்டுப் பால் வாங்கப் போனான்.

யூனிஸ் டிரம்முக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். இனி இங்கே வைக்க முடியாது. மிளகாய்ப்பொடி டப்பாவா, தையல் மெஷின் டிராயரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எங்கே வைத்தாலும் தேடி எடுத்துவிடுவானே என்று பயமாக இருந்தது.

ஜேசுதாசன் முதுகைக் காட்டிக்கொண்டு காலண்டர் பக்கம் நின்றிருந்தார்.

"ஏங்க, நீங்களே ஒரு எடம் சொல்லுங்க. சாவிய இனி எங்கன வைக்கட்டும்?"

அவர் திரும்பவில்லை. யூனிஸ் கிட்டே போனாள்.

அவர் கையில் பேனா இருந்தது. ஜெய்சன் எழுதியிருந்த ஒன்றை அடித்துவிட்டு, முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, தலைமையாசிரியரின் உருண்டைக் கையெழுத்தில், தனியாக ஒரு ஒன்று.

"எங்கன வேணாலும் வையி யூனிஸ்" என்றார். "எங்கிட்ட மட்டும் சொல்லாத."